மனத்தில் கட்டிய பள்ளியில் மழை ஒழுகாதா?

பட்டிமன்றத் தலைப்பு: ஏழைப் பிள்ளைகளின் பள்ளி தழைக்கப் பெரிதும் தேவை ஊரின் உள்ளமே! அரசின் நிதியே!

(‘அரசின் நிதியே’ அணித் தலைவரின் நிறைவுரை)

அன்பும் நகைச்சுவையும் நிறைந்த நடுவர் அவர்களே! அறிவார்ந்த எதிரணி நண்பர்களே! என் அணிச் செல்வங்களே! அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று மூன்று திசையிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் உட்கார்ந்து வடை ஒரு கையில், ரிமோட் ஒரு கையில் என்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரே! 

எதிரணித் தலைவர் அம்மா மிக அழகாகப் பேசினார்கள். ‘உள்ளம், உள்ளம்’ என்று இருபது நிமிடத்தில் எத்தனை முறை சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. பேசி முடித்து உட்கார்ந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்: ‘சார், இந்த நிகழ்ச்சிக்கு ஆட்டோ காசு தருவாங்கள்ல?’ (சிரிப்பு) நடுவர் அவர்களே, உள்ளத்தைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கே நிதி வேண்டியிருக்கிறது! (கைதட்டல்)

அவர்கள் ஓர் அருமையான கதையைச் சொன்னார்கள். பூசலார் நாயனார் கதை. எங்கே நடந்த கதை? இதோ, இந்த அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஆவடி தாண்டி, பட்டாபிராம் தாண்டி வருகிற திருநின்றவூரில் நடந்தது. பூசலார் மனத்துக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் கட்டினார். அதே சமயத்தில் பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கோயில் கட்டினான். இரண்டு கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன், ‘நான் முதலில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன்’ என்று மன்னன் கனவில் வந்து சொல்லிவிட்டார். ‘பார்த்தீர்களா! அரசன் பணம் தோற்றது, அன்பரின் உள்ளம் வென்றது!’ என்று அம்மா சொன்னபோது நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் ஐயா, சேக்கிழார் பெருமான் அந்தக் கதையில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். பூசலார் ஏன் மனத்தில் கட்டினார்? முதலில் அவர் கல்லில்தான் கட்ட நினைத்தார். பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தார். கிடைக்கவில்லை! ஊரில் உள்ளம் இருந்தது, பணம் இல்லை. வேறு வழியில்லாமல்தான் மனத்தில் கட்டினார். இறைவன் பெரியவர்; மனக்கோயிலில் குடியிருந்துவிடுவார். நாலாம் வகுப்புப் பிள்ளை மனப்பள்ளியில் உட்கார முடியுமா? ஐப்பசி மழையில் ஒழுகாதா? மனத்திலே கட்டிய கழிப்பறைக்கு ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை போக முடியுமா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்கள் அணி ஊரின் உள்ளத்தை இகழவில்லை. நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஊர் பொருளைக் கொடுக்கலாம். ஆளைக் கொடுக்க முடியாது. பெஞ்சு கொடுக்கலாம், பேன் கொடுக்கலாம், கடிகாரம் கொடுக்கலாம். ஆனால் தினமும் காலையில் வந்து அடுப்பு மூட்ட ஓர் ஆள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள், கணக்கு வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், இவர்களை மாதா மாதம், வருடா வருடம் நிறுத்தி வைக்க அரசின் கருவூலத்தால்தான் முடியும். ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது முதலில் ஆள், அப்புறம்தான் பேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? பள்ளிக்கூடத்தில் நாம் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதாக நினைக்கிறோம். இல்லைங்க. ஒரு குடும்பத்தையே சேர்க்கிறோம். பிள்ளையின் பைக்குள் புத்தகம் மட்டுமா வருகிறது? வீட்டுக் கடன் வருகிறது, அப்பாவின் குடி வருகிறது, அம்மாவின் ஷிப்ட் வருகிறது, பாட்டியின் மூட்டு வலி வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை அதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வரும். ஏழை வீட்டுப் பிள்ளை அத்தனையையும் முதுகில் தூக்கிக்கொண்டு வரும்.

என்னிடம் படித்த ஒரு பெண் ஆவடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. அவர் சொன்னது இது. நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. கெட்டிக்காரி. ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள். கூப்பிட்டுக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கே போய்விட்டார். ஒற்றை அறை வீடு. அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். இரண்டரை வயதில் ஒரு தம்பி. அந்தப் பெண் சொன்னாளாம்: ‘நான் ஸ்கூலுக்கு வந்துட்டா தம்பிய யாரு டீச்சர் பாத்துப்பாங்க?’

ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்வி ஐயா. அந்தத் தெருவில் உள்ளம் இல்லையா? இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் தம்பியைப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருக்கே வேலை கிடைத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்கும் வயிறு இருக்கிறதே! கடைசியில் என்ன ஆயிற்று? பள்ளி வளாகத்திலேயே ஒரு அங்கன்வாடி இருந்தது. அங்கே தம்பியைச் சேர்த்தார்கள். அக்கா ஒரு வாசலில் நுழைகிறாள், தம்பி அடுத்த வாசலில் நுழைகிறான். மத்தியானம் இரண்டு பேருக்கும் சோறு. அதன் பிறகு அந்தப் பெண் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அவளைப் படிக்க வைத்தது யார்? வகுப்பு ஆசிரியர் பாதி. தம்பியைத் தூக்கிய அந்த ஆயா அம்மா பாதி. ஆயா அம்மா ஏன் தினமும் வருகிறார்? பாசம் உண்டு. பாசத்தோடு மாதம் பிறந்தால் ஊதியமும் உண்டு. அன்பு சம்பளம் கேட்காது என்பார்கள். சரி, அன்பு செலுத்துகிறவர் வீட்டு மளிகைக் கடைக்காரர் கேட்பாரே! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய தம்பி, கடம்பத்தூரைச் சொன்னார். நல்ல எடுத்துக்காட்டு. அதே ரயில் பாதை. திருவள்ளூர் தாண்டினால் கடம்பத்தூர். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாக அங்கேதான் கூடியது. காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். ஊர் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கரும்பலகை, மணி, நாற்காலி, நிலப்படம், சீருடை, சில ஊர்களில் நிலம், கட்டடம்கூடக் கொடுத்தார்கள். அந்த இயக்கம் தமிழ்நாடு முழுவதும் பரவியது. பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய வரலாறு, மறுக்கவில்லை.

ஆனால் தம்பி, அந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். எல்லாம் பொருள்! அந்த மணியை அடித்த ஊழியருக்கும், அந்தக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியருக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது? அரசு நிதியிலிருந்து, அரசு மானியத்திலிருந்து வந்தது. ஊர் விளக்கு கொடுத்தது. எண்ணெய் அரசு ஊற்றியது. இன்னொன்று: அந்த மாநாட்டைக் கூட்டியதே அரசின் கல்வித் துறைதானே! 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி’ என்று நன்கொடை திரட்டும் திட்டம் தொடங்கியதும் அரசுதானே! ஊரின் உள்ளத்தைத் தட்டி எழுப்பவே ஓர் அரசு வேண்டியிருக்கிறது நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இப்போது வரலாற்றுக்குள் கொஞ்சம் போவோம். 1920. சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் வந்தார்கள். இன்னும் சில பள்ளிகளுக்கு அதை நீட்டினார்கள். எத்தனை வருடம் நடந்தது தெரியுமா? 1925இல் நின்றுபோயிற்று. ஏன்? ‘தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவை எடுக்கக் கூடாது’ என்று வெள்ளைக்கார அரசு கையை விரித்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தியாகராயருக்கு உள்ளம் இல்லையா? அவர் பெயரில் ஒரு நகரே இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் எல்லோரும் அங்கேதானே போகிறோம்! ஆயிரம் விளக்கு மக்களுக்கு உள்ளம் இல்லையா? எல்லாம் இருந்தது. நிதி நின்றது, உலை நின்றது. பேரிலே ஆயிரம் விளக்கு இருந்தும் ஓர் அடுப்பு எரியவில்லை! (கைதட்டல்)

அப்புறம் 1956. காமராசர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். அந்தக் காலத்துக் கணக்கு என்ன? ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் அரசு ஆறு காசு. ஊர் நாலு காசு. அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு கேள்வி. பண்ணையார் இருக்கிற ஊரில் நாலு காசு சேரும். கூலிக்காரர்கள் மட்டுமே இருக்கிற ஊரில் நாலு காசு எங்கிருந்து சேரும்? எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில்தான் நன்கொடை குறையும். இதுதான் நன்கொடையின் இயல்பு. மழையைப் போல அது எல்லா இடத்திலும் பெய்யாது. ஏற்கெனவே ஈரம் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் பெய்யும்.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்கள், அதே செப்டம்பரில் நகரங்கள், 1984இல் பதினைந்து வயது வரை. இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டம் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் சோறு போடவில்லை. பள்ளிக்கு வராத இரண்டு வயதுக் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டது. கொஞ்சம் முன்னால் நான் சொன்னேனே, அந்தத் தம்பி, அவனுக்கும் சேர்த்து ஓர் இடம். அதோடு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் பெண்களுக்கு வேலை. பிள்ளைக்குச் சோறு, தாய்க்கு வேலை, அக்காவுக்குப் படிப்பு. ‘நாலு காசு சேர்த்தாயா?’ என்று அந்த ஊரை யாரும் கேட்கவில்லை. அதுதான் அரசின் நிதி!

எதிரணியில் ஒரு சகோதரி, ‘அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பாருங்கள், அவை ஊரும் சமூகமும் கட்டிய பள்ளிகள்’ என்றார். கட்டியது சமூகம், உண்மை. ஆனால் அதன் பெயரே ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்றுதானே இருக்கிறது! (சிரிப்பு) பெயர்ப் பலகையிலேயே எங்கள் அணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, எதிரணிக்குச் சாட்சி சொல்ல வந்தால் எப்படி? 1854இல் சார்லஸ் உட் அறிக்கை வந்த காலத்திலிருந்து, தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு மானியம் என்ற முறை இந்த நாட்டில் இருக்கிறது. பாதிரியார் கட்டினார், வள்ளல் கட்டினார், சங்கம் கட்டியது. அவர்கள் மறைந்த பிறகும் பள்ளி நிற்கிறதே, எதனால்? மாதா மாதம் வருகிற ஆசிரியர் ஊதிய மானியத்தால். தமிழ்நாட்டில் 1991-92க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு அந்த மானியம் கிடையாது என்று ஆயிற்று. அதன் பிறகு வந்த பள்ளிகள் என்ன ஆயின? பெரும்பாலும் கட்டணப் பள்ளிகள் ஆயின. உள்ளம் மாறவில்லை ஐயா. மானியம் போனது, ரசீதுப் புத்தகம் வந்தது!

இதற்கு இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. ஒரே தெரு, ஒரே கூலி, ஒரே பசி. அண்ணன் பிள்ளை அரசுப் பள்ளி. தம்பி பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளி. அண்ணன் பிள்ளைக்கு உப்புமா, பொங்கல். தம்பி பிள்ளைக்கு வாசனை மட்டும். அது நியாயமா? அந்தக் கேள்விக்குப் பதில் இந்த மாவட்டத்தில்தான் வந்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஓர் உதவி பெறும் பள்ளியில் தொடங்கி, கிராமங்களில் உள்ள 3,995 உதவி பெறும் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலை உணவு வந்தது. நகரத்துப் பிள்ளைகள் இன்னும் ஓராண்டு காத்திருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 26இல் 2,429 நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அத்தனை பள்ளிகளையும் கட்டியவர்களுக்கு உள்ளம் இருந்தது. அத்தனை வருடமும் இருந்தது. ஆனால் காலையில் அடுப்பு மூட்டியது எது? நிதி!

கிராமங்களில் அந்த அடுப்பை மூட்டுகிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்மார்கள். தன் பிள்ளை சாப்பிடப் போகிற உப்புமாவில் எந்தத் தாயாவது கல் கிடக்க விடுவாளா? ஊரின் உள்ளத்தைக்கூட அரசின் நிதிதான் வேலைக்கு அமர்த்தியிருக்கிறது! (பலத்த கைதட்டல்)

குடும்பத்துக்கு உதவி என்றால் சோறு மட்டுமல்ல. 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் பெண்ணின் திருமணத்துக்கு உதவித் தொகை கொடுத்து வந்தார்கள். 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டம் என்று மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குத் திரும்பியது. ஒரு வீட்டில் நடக்கிற பேச்சே மாறிவிடும் இல்லையா? ‘எப்போ கல்யாணம்?’ என்று கேட்ட சித்தப்பா, ‘எந்த காலேஜ்?’ என்று கேட்பார்.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவிலே, பணக்கார மாநிலமான கலிபோர்னியாவிலே, 2021இல் ‘சமுதாயப் பள்ளிகள்’ என்று ஒரு மானியத் திட்டம் தொடங்கினார்கள். பள்ளி வளாகத்திலேயே மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, பெற்றோருக்கு வழிகாட்டல். அதற்கு ஒதுக்கிய தொகை 400 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு வள்ளல்கள் இருக்கிற நாடு, கோடீசுவரர்கள் நிறைந்த மாநிலம், ‘ஊர் பார்த்துக்கொள்ளும்’ என்று விடவில்லை ஐயா!

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப் போவது சிரிப்புக்கு உரியதல்ல. எதிரணி ‘ஊர், ஊர்’ என்கிறது. ஊரே இல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பூவிருந்தவல்லியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் இந்த மாவட்டத்தில் செங்கல் சூளைகள் உண்டு. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, மழைக்காலம் ஓயும்போது வருவார்கள். அடுத்த மழைக்கு முன்னால் போய்விடுவார்கள். நம்ம பள்ளி ஜூனில் திறக்கிறது. அவர்கள் பிள்ளை வருவதற்குள் பாதி வருடம் போய்விடுகிறது. நம்ம பள்ளியில் தமிழ். அந்தப் பிள்ளைக்கு ஒடியா. நாம் சுவருக்கு அடுக்குகிற செங்கல்லை அந்தப் பிள்ளை வெயிலில் திருப்பிப் போடுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறைகளில் பீகாரிலிருந்து, வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எது ஊர்? எந்த ஊர்ப் பெரியவர் இவர்களுக்காக மாநாடு கூட்டுவார்? எந்த முன்னாள் மாணவர் சங்கம் இவர்களுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரும்? இவர்கள் யாருக்கும் முன்னாள் மாணவர் இல்லையே!

இவர்களுக்காக ஒடியா பாடப்புத்தகம் வரவழைத்து, சூளைக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடத்திய முயற்சிகள் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் கை கொடுத்தன, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை ஒரு வருகைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த வருடமும் தேடிப் பிடித்து, அதன் மொழி தெரிந்த ஓர் ஆசிரியரை அமர்த்தும் கடமை யாருடையது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதை அரசின் மேல் சுமத்தியிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நம் சொந்தக்காரர்கள் அல்லர். நம் சாதி அல்லர். நம் மொழி அல்லர். ஓட்டுகூட இங்கே இல்லை. உள்ளம் தெரிந்தவரைத்தான் தேடும். சட்டம் தெரியாதவரையும் தேட வேண்டும். (நீண்ட கைதட்டல்)

எதிரணிக்கு இரண்டு நல்ல வாதங்கள் இருக்கின்றன. மறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: ‘அரசுப் பணம் நின்றுபோனால்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 100க்கு 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. தேசிய கல்விக் கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா, கூடாதா என்பதில் தகராறு. 2025இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. இந்த மேடையில் நான் கட்சி பேச வரவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் பாகத் தகராறு செய்துகொள்ளட்டும். பிள்ளையின் தட்டை யாரும் இழுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் இது யாருக்குச் சாட்சி? நிதி தேவையில்லை என்பதற்கா? தண்ணீர் லாரி வரவில்லை என்று தெருவே குடத்தோடு நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘பாருங்கள், தண்ணீர் முக்கியமில்லை’ என்று யாராவது சொல்வார்களா? (சிரிப்பு) பணம் நின்றால் இவ்வளவு வலிக்கிறது என்றால், அது உயிர்நாடி என்றுதானே பொருள்!

இன்னும் சொல்லட்டுமா? அந்தத் திட்டத்தில் பள்ளிப் பராமரிப்புக்கென்று ஒரு மானியம் வகுத்தார்கள். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். கணக்குப் போடுங்கள்: ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு நூறு ரூபாய்கூட இல்லை. சுண்ணாம்புக்கட்டி, மின்விளக்கு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள். பக்கத்துத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தையின் ஷூவுக்கே அதைப் போலப் பல மடங்கு ஆகிறது! ஆகவே எங்கள் அணி அரசைப் புகழ்ந்துவிட்டு உட்கார வரவில்லை. நிதி போதவில்லை, நேரத்துக்கு வரவேண்டும், நிற்கவே கூடாது என்று கேட்க வந்திருக்கிறோம். தயவாக வந்தால் ‘ஏன் நின்றது?’ என்று கேட்க முடியாது. உரிமையாக வந்தால் நீதிமன்றம் வரை போய்க் கேட்கலாம்.

இரண்டாவது வாதம்: ‘அரசுப் பணத்தை நடுவிலே தின்றுவிடுகிறார்களே!’ உண்மை, தின்பவர்கள் உண்டு. இங்கேதான் ஊர் வேண்டும். அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசு கொடுத்த மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. தாய்மார்களே, இது உங்கள் அதிகாரம்! காய்கறிக் கடையில் கால் கிலோ கத்தரிக்காய்க்குத் தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறீர்களே, அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கிலும் ஒரு நாள் வையுங்கள். எந்தப் பெருச்சாளி உள்ளே நுழையும்? (கைதட்டல்) ஊருக்கு நாங்கள் கொடுக்கும் இடம் அதுதான். கை அரசுடையது, கண் ஊருடையது. கண் இல்லாத கை தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோறு ஊட்டுவது கைதானே!

முடிவாக ஒன்று. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். எங்கே வைத்தார்? அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். கொடுப்பது வீட்டில் இருக்கிற நல்லவனின் குணம். பொருள் வரும் வழியை உண்டாக்கி, சேர்த்து, காத்து, பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவன் அரசன் என்றாரே, அதை எங்கே வைத்தார்? பொருட்பாலில், இறைமாட்சியில் வைத்தார். முன்னது அருள், பின்னது கடமை. வள்ளுவப் பேராசான் இரண்டையும் குழப்பவில்லை, நாம்தான் குழப்புகிறோம்.

நன்கொடை வாங்கிப் படிக்கிற பிள்ளை, மேடையில் ஏறி நன்றி சொல்லிப் போட்டோவுக்கு நிற்க வேண்டும். வரிப்பணத்தில் படிக்கிற பிள்ளை யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். அந்த வரியில் அதன் அம்மா வாங்கிய சோப்பின் வரியும் இருக்கிறது; அப்பா வாங்கிய செருப்பின் வரியும் இருக்கிறது. தன் வீட்டுப் பணத்தில் தான் சாப்பிடுகிறோம் என்று அது தலை நிமிர்ந்து சாப்பிடலாம். தலை நிமிர்ந்து சாப்பிடுகிற பிள்ளைதான் தலை நிமிர்ந்து படிக்கும். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஊரின் உள்ளத்துக்கு மாலை போடுங்கள். நாங்களும் சேர்ந்து கை தட்டுகிறோம். தீர்ப்பை மட்டும், தம்பியை ஆயா அம்மா கையில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிற அந்த அக்காவை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளி தழைக்கப் பெரிதும் தேவை அரசின் நிதியே, அரசின் நிதியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.